பதினோரு வண்டிக்கு ஒரு ஹேண்ட்பிரேக்

1. மூட்டை

கள்ளக்குறிச்சி டாக்ஸி ஸ்டாண்டில் அப்போது பதினோரு அம்பாசடர் நின்றது. பதினோரு வண்டிக்கும் சேர்த்து ஹேண்ட்பிரேக் கேபிள் ஒன்று இருந்தது. ஒரு ஜோடி வைப்பர், ஒரு ஜோடி சைடு மிரர், ஒரு ஹாரன், ஒரு முதலுதவிப் பெட்டி. எல்லாவற்றையும் ஒரு சர்க்கரைச் சாக்கில் போட்டுக் கட்டி என் ஒர்க்‌ஷாப்பில் வைத்திருப்போம். அதற்கு எஃப்.சி. மூட்டை என்று பெயர்.

வாடகை வண்டி ரோட்டில் ஓடத் தகுதியாக இருக்கிறது என்று வருஷத்துக்கு ஒருமுறை அரசாங்கம் கொடுக்கிற சான்றிதழ்தான் எஃப்.சி. அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட மோட்டார் வாகன ஆய்வாளர் மாதம் ஒருநாள் எங்கள் ஊருக்குக் கேம்ப் வருவார். அந்த நீளமான பெயரை யாரும் சொன்னதில்லை. பிரேக் இன்ஸ்பெக்டர் என்பார்கள். கேம்புக்கு முந்தின நாள், யார் வண்டிக்கு முறையோ அந்த வண்டியில் மூட்டையை அவிழ்த்து எல்லாவற்றையும் மாட்டுவேன். மறுநாள் பாஸ் ஆகி வந்ததும் கழற்றி மறுபடியும் கட்டி வைப்பேன். இரவல் நகை போட்டுப் பெண்ணை மணமேடையில் உட்கார வைக்கிற மாதிரிதான். பாதுகாப்புச் சாமான் மாட்டியதற்கும் எனக்குக் கூலி உண்டு, கழற்றியதற்கும் உண்டு. இப்படி ஒரு தொழில் உலகத்தில் வேறு எங்கும் இருந்திருக்காது.

அரசாங்கமும் சும்மா இருக்காது. பின்னால் வருகிறவனைப் பார்க்க மிரர் வை என்றது. மழைக்கு வைப்பர் வை என்றது. எதிரே வருகிறவன் கண் கூசாமல் இருக்க ஹெட்லைட்டின் மேல் பாதியில் கறுப்பு அடி என்றது. பெயிண்ட் அடித்தால் வெளிச்சம் கம்மியாகிறது என்று எங்கள் ஓனர்கள் கண்மை பூசினார்கள். இன்ஸ்பெக்டர் கிளம்பியதும் துடைத்துவிடலாம். முதலுதவிப் பெட்டியை நான் ஒருதரம் திறந்து பார்த்தேன். பஞ்சுச் சுருள் ஒன்றும் யாரோ ஒளித்து வைத்த பீடிக்கட்டும் இருந்தன. இரண்டில் பீடிதான் புதுசு.

ஏழுமலை என்ற ஓனர் ஸ்டாண்டுக்கே பேச்சாளர். அவரிடம் ஒருமுறை, தனியாக ஒரு கேபிள் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்களேன் என்றேன்.

"இன்னாத்துக்கு மேஸ்திரி? நம்ம ஊரு ரோடு தோசைக்கல்லு மாரி கீது. நிறுத்துனா வண்டி நிக்குது. அதுக்கு மேலயும் நிக்கணும்னா கவருமெண்டு வந்து புடிச்சிக்கினு நிக்கட்டும்."

தோசைக்கல் என்பது உண்மைதான். ஆனால் ஸ்டாண்டில் நின்று மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை தெரியும். அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

2. மிகவும் பாதுகாப்பான வண்டி

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வருஷம் அது. ஒரே நாளில் எங்கள் பக்கத்துச் சாலைகளில் எல்லாம் புளிய மரங்கள் குறுக்கே விழுந்தன. பஸ் இல்லை, லாரி இல்லை, பால் இல்லை, பேப்பர் இல்லை. உளுந்தூர்பேட்டை கூட்டு ரோட்டில் லாரிகள் கண்ணுக்கு எட்டின தூரம் நிற்பதாகச் சொன்னார்கள்.

மறியலுக்கு முந்தின நாள்தான் கேம்ப். ஏழுமலை வண்டிக்கு முறை. மூட்டை முழுவதையும் மாட்டிப் பாஸ் பண்ணிக்கொண்டு வந்தவர், கழற்றுவதற்குள் ஒரு சவாரி கிடைத்தது என்று உளுந்தூர்பேட்டைக்குப் பறந்துவிட்டார். போன இடத்தில் மரம் விழுந்துவிட்டது. ஆக, ஹேண்ட்பிரேக், வைப்பர், மிரர், ஹாரன், முதலுதவிப் பெட்டி எல்லாம் உள்ள எங்கள் ஒரே பாதுகாப்பான வண்டி, பரோட்டாக் கடை வாசலில் அசையாமல் நின்றது. அசையாத வண்டிக்கு ஹேண்ட்பிரேக் ரொம்ப உபயோகம்.

பிரேக் இன்ஸ்பெக்டரும் எங்கள் ஊரில் மாட்டிக்கொண்டார். பயணியர் விடுதியில் தங்கி, இருக்கிற ஒரு ஓட்டலில் இருக்கிறதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாற்பது வயசு இருக்கும். கெட்ட மனுஷர் இல்லை. யாரையும் அதட்ட மாட்டார், கை நீட்ட மாட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் எல்லா வண்டியையும் முடித்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய கொள்கை.

மூன்றாம் நாள் காலையில் அவர் ஸ்டாண்டுக்கு நடந்து வந்தார். கையில் ஒரு துணிப்பை. போஸ்ட் ஆபீசுக்குப் போன் வந்திருக்கிறது, ஆத்தூர் பக்கத்துக் கிராமத்தில் அவருடைய அப்பா விடியற்காலையில் இறந்துவிட்டார்.

"நான் ஒரே பையன்பா. சாயங்காலம் வரைக்கும்தான் வச்சிருப்பாங்க. நான் போய்த்தான் கொள்ளி வைக்கணும்" என்றார்.

ஆத்தூருக்குப் போகிற சேலம் ரோடு முழுக்க மரம். மலை வழி மட்டும்தான் ஓரளவு திறந்திருந்தது. கச்சிராயபாளையம் போய், மலை ஏறி, கரியாலூர், வெள்ளிமலை தாண்டி அந்தப் பக்கம் இறங்க வேண்டும். மழை வேறு தூறிக்கொண்டிருந்தது. ஓனர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

இன்ஸ்பெக்டர் வரிசையாக வண்டிகளைப் பார்த்துக்கொண்டே வந்து கோவிந்தன் வண்டி முன்னால் நின்றார்.

"போன மாசம் நான் பாஸ் பண்ண வண்டிதான இது? ஹேண்ட்பிரேக் நல்லா புடிச்சுதே. மலைக்கு இதுதான் சரியா இருக்கும்."

கோவிந்தன் ஸ்டாண்டிலேயே வாயில்லாப்பூச்சி. மூன்று பெண் பிள்ளைகள், ஒரு வண்டி. "சார், அந்த ஹேண்ட்பிரேக் ஊருக்குப் போயிருக்குது" என்று சொன்னால் எஃப்.சி. போய்விடும், வண்டி போய்விடும். சொல்லாவிட்டால் மலை இருக்கிறது. அவர் மலையைத் தேர்ந்தெடுத்தார்.

3. எனக்குக் கிடைத்த புதிய வேலை

இன்ஸ்பெக்டர் டீ குடிக்கப் போன நேரத்தில் கோவிந்தன் என் ஒர்க்‌ஷாப்புக்கு ஓடி வந்தார்.

"மேஸ்திரி, நீங்களும் கூட வந்துருங்க. மேட்டுல வண்டி நின்னுச்சுன்னா பின் டயருக்குக் கட்டை குடுக்க ஆளு வோணும். உங்கள வுட்டா எனுக்கு யாரு?"

இருபது வருஷம் மெக்கானிக்காக இருந்து ஹேண்ட்பிரேக்காகப் பதவி உயர்வு பெற்றவன் நான் ஒருவன்தான். முக்கோணமாக அறுத்த புளியங்கட்டை ஒன்றை எடுத்துக்கொண்டேன். பிரேக் ஆயில் பார்த்து ஊற்றினேன். பின்பக்க வீல் சிலிண்டரில் லேசான கசிவு இருந்தது. உள்ளே இருக்கிற ரப்பர் கப்பை மாற்ற வேண்டும், ஆனால் ஸ்பேர்ஸ் கடை பூட்டிக் கிடந்தது. வைப்பருக்குப் பதில் கண்ணாடியில் பீடித்தூளைத் தேய்த்தோம். அப்படித் தேய்த்தால் தண்ணீர் வழிந்து ஓடிவிடும் என்று டிரைவர்கள் சத்தியம் செய்வார்கள். கொஞ்சம் ஓடும் என்பதுதான் உண்மை.

கோவிந்தன் பக்கத்தில் நான் கட்டையைக் கைக்குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பின் சீட்டில் இன்ஸ்பெக்டர்.

"அது எதுக்கு மேஸ்திரி?" என்றார்.

"ஒரு பாதுகாப்புக்குத்தாங்க சார்" என்றேன்.

கச்சிராயபாளையம் ரோட்டில் ஒரு மரம் கிடந்தது. பத்து இருபது இளைஞர்கள் கோடாரியோடு நின்றார்கள். ஒருவன் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவன், ஒர்க்‌ஷாப்புக்கு வந்திருக்கிறான். கோவிந்தன் தலையை வெளியே நீட்டி, "எழவுக்குப் போறோம்பா. சாருக்கு அப்பா பூட்டாரு" என்றார். அவ்வளவுதான். ஐந்தாறு பேர் சேர்ந்து கிளைகளை இழுத்து வழி விட்டார்கள். சாவுக்குப் போகிறவனைத் தடுக்கிற மறியல் எங்கள் பக்கத்தில் கிடையாது.

அந்த டிராக்டர்காரப் பையன் மட்டும் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

"இன்னா மேஸ்திரி, மிரரு இல்ல, வைப்பர் இல்ல, ஹாரனும் இல்ல போலக்குது. இத்தப் போயி மலைக்கு ஓட்டிக்கினு போறீங்க. எந்தக் கண்ணு தெரியாதவன் இத்த பாஸ் பண்ணான்?"

அந்த ஊரில் அந்த வண்டியை ஒழுங்காகச் சோதனை செய்தது அவன் ஒருவன்தான். கண்ணு தெரியாதவர் பின் சீட்டில் உட்கார்ந்து கரும்புத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

4. வளைவு

கோமுகி அணையைத் தாண்டி மலை ஏற ஆரம்பித்தோம். முதல் வளைவுகள் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு இடத்தில் நின்றது, நான் குதித்துப் போய்க் கட்டை போட்டேன், கோவிந்தன் கிளட்ச் விட்டு எடுத்தார், நான் கட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி ஏறினேன். இன்ஸ்பெக்டர் வாட்சைப் பார்ப்பதும் மலையைப் பார்ப்பதுமாக இருந்தார்.

மேலே ஒரு கொண்டை ஊசி வளைவு. மழை பிடித்துக்கொண்டது. பீடித்தூள் கரைந்து கண்ணாடி முழுக்கப் பழுப்பாக வழிந்தது. கோவிந்தன் வளைவை அகலமாக எடுத்துவிட்டார், கியர் விழவில்லை, இன்ஜின் ஆஃப் ஆகிவிட்டது. பிரேக்கை மிதித்து நிறுத்தினார். நின்றது. அப்புறம் அவர் குரல் மாறியது.

"மேஸ்திரி, பெடலு உள்ள போவுது. கால் உள்ளயே போவுதுங்க!"

கசிந்த சிலிண்டர் முழுசாகக் கைவிட்டுவிட்டது. வண்டி பின்பக்கமாக நகர்ந்தது. பின்னால் முழங்கால் உயரத்துக்கு ஒரு வரிசைக் கல், அதற்கப்புறம் பள்ளம். நான் குதித்துப் பின் டயருக்கடியில் கட்டையைத் திணித்தேன். நனைந்த பாறையில் கட்டையும் சேர்ந்து வழுக்கியது. விட்டுவிட்டு ஓடியிருக்கலாம். உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். கட்டையை இடது கையால் அழுத்திப் பிடித்தேன். டயர் கட்டையின் மேல் ஏறியது, என் விரல்கள்மீதும் ஏறியது. வண்டி வேகம் குறைந்து, பம்பர் போய்க் கல்லில் இடித்து நின்றது.

உள்ளே நடந்ததைக் கோவிந்தன் பிறகு சொன்னார். வண்டி உருள ஆரம்பித்ததும் இன்ஸ்பெக்டர் முன் சீட்டைத் தாண்டி எக்கி ஹேண்ட்பிரேக் லீவரைப் பிடித்து முழு பலத்தோடு இழுத்தாராம். அவரே பாஸ் பண்ணின ஹேண்ட்பிரேக். லீவர் எந்தச் சிரமமும் தராமல் மேலே வந்ததாம். கேபிள் இல்லாத லீவருக்கு என்ன சிரமம்?

இரண்டு பேரும் வண்டியை முன்னால் தள்ளி என் கையை எடுத்தார்கள். வலியில் நான் போட்ட சத்தம் இப்போதும் எனக்கே கேட்கிறது. இன்ஸ்பெக்டர் டிக்கியைத் திறந்து தேடினார்.

"ஃபர்ஸ்ட் எய்டு பாக்ஸ் எங்கப்பா?"

கோவிந்தனுக்கு அப்போது பொய் சொல்லத் தெம்பு இல்லை.

"உளுந்தூர்பேட்டைல கீதுங்க சார்."

இன்ஸ்பெக்டர் துணிப்பையைத் திறந்து, கொள்ளி வைக்கும்போது கட்டிக்கொள்ள வாங்கியிருந்த புது வேட்டியை எடுத்துக் கிழித்தார். என் கையைச் சுற்றி இறுக்கிக் கட்டினார்.

மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றின லாரி ஒன்று கச்சிராயபாளையத்துக்கு இறங்கி வந்தது. என்னைத் தூக்கி முன்னால் உட்கார வைத்தார்கள். இன்ஸ்பெக்டர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"அந்தக் கேபிள்ல ஒரு இடத்துல பச்சை பெயிண்ட் ஒட்டியிருக்கும் மேஸ்திரி. பதினோரு வண்டிலயும் அதே பச்சையப் பாத்துருக்கேன். ஏன்னு யோசிக்காம, சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிட்டுக் கிளம்பலாம்னு கையெழுத்துப் போட்டேன்."

லாரி கிளம்பியது. அவர் அரை வேட்டியைப் பையில் போட்டுக்கொண்டு மழையில் மேலே நடந்தார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. வரவேண்டிய அளவுக்கு ரத்தம் மிச்சமில்லை போலிருக்கிறது.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சுண்டு விரலையும் மோதிர விரலையும் எடுத்துவிட்டார்கள். சாலை திறந்ததும் ஏழுமலை உளுந்தூர்பேட்டையிலிருந்து நேராக வார்டுக்கு வந்தார். என் கைக்கட்டைப் பார்த்துக் கண் கலங்கினார். அப்புறம் என்னைத் தேற்றுவதாக நினைத்துச் சொன்னார்.

"நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க மேஸ்திரி. சாமான் எல்லாம் பத்திரமா கொண்டாந்துட்டேன். மிரர்ல ஒரு கீறல் கூட இல்ல."

5. அணைக்கரையில் எஃப்.சி.

அடுத்த கேம்புக்கு அதே இன்ஸ்பெக்டர் வந்தார். தலை மொட்டை. வெள்ளிமலையிலிருந்து ஒரு ஜீப் பிடித்துப் போய்ச் சேர்ந்திருக்கிறார். அதற்குள் இருட்டுகிறது என்று பங்காளி ஒருவர் கொள்ளி வைத்துவிட்டார். இவர் போனபோது எரிந்துகொண்டிருந்ததாம். இதை அவர் சொல்லவில்லை, ஆபீஸ் பியூன் சொன்னார்.

முறை வந்தது வராதது பார்க்காமல் எல்லா வண்டியையும் கோமுகி அணைக்கு ஓட்டி வரச் சொன்னார். கரைமேல் ஏறுகிற சரிவில் ஒவ்வொரு வண்டியாக நிறுத்த வேண்டும். இன்ஜின் ஆஃப், கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் மட்டும். நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து காலை எடுக்க வேண்டும். இதெல்லாம் சட்டத்தில் உள்ளதுதான். சட்டத்தில் இல்லாத ஒன்றை அவர் சேர்த்தார். வண்டியின் ஓனர் பின் டயருக்குப் பக்கத்தில், வண்டிக்கு நேர் பின்னால் நிற்க வேண்டும்.

முதல் வண்டி ஏழுமலையுடையது. மூட்டைச் சாமான் அதில்தான் மாட்டியிருந்தது.

"சார், இது பழைய கேபிளுங்க. நான் புள்ளகுட்டிக்காரன்" என்றார் ஏழுமலை.

"இதுலதான நேத்து சவாரி ஏத்தினீங்க? ஏறினவங்களுக்குப் புள்ளகுட்டி இல்லியா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஸ்டாண்டுக்கே பேச்சாளரான ஏழுமலை வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். பின்னால் நின்ற ஒன்பது பேரும் தங்கள் வண்டியில் வேறு ஏதோ கோளாறு என்று சொல்லி ஒவ்வொருவராக நழுவினார்கள். அரசாங்கம் எத்தனையோ வருஷமாகப் புத்தகம் போட்டுச் சொல்லியும் நடக்காதது, ஒரு சரிவில் சாப்பாட்டு நேரத்துக்குள் நடந்தது.

கடைசியாகக் கோவிந்தன் வண்டி. அவர் மனைவியின் கம்மலை வைத்துப் புது கேபிளும் மிரரும் வாங்கியிருந்தார். புது சிலிண்டர் கப்பும் போட்டிருந்தோம். சரிவில் நிறுத்தினேன். கோவிந்தன் பின்னால் போய் நின்றார்.

"நீங்க தள்ளுங்க. இத பாஸ் பண்ணவன் நான்" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் அந்த இடத்தில் போய் நின்றார்.

புதுசாக மாட்டியிருந்த மிரரில் அந்த மொட்டைத் தலை தெரிந்தது. கேபிளை மாட்டியது நான். நட்டை முறுக்கியது நான். ஆனாலும் என் கால் பெடலை விட்டு வர மறுத்தது. அதுவரை எத்தனையோ வண்டிக்கு ஹேண்ட்பிரேக் மாட்டியிருக்கிறேன், ஒருமுறையும் பயந்ததில்லை. அன்று பயந்தேன். மெதுவாகக் காலை எடுத்தேன். வண்டி ஒருதரம் குலுங்கியது. அசையவில்லை.

அவர் வந்து பானெட் மேல் பேப்பரை வைத்துக் கையெழுத்துப் போட்டார். என் கையை ஒருமுறை பார்த்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் எனக்குச் சங்கடமாக இருந்திருக்கும்.

6. பிறகு வந்தவை

அந்த மாதம் ஸ்பேர்ஸ் கடையில் ஹேண்ட்பிரேக் கேபிள் தீர்ந்து போனது. அதற்குப் பிறகு, வண்டியைச் சோதிக்காமல் ஆளைச் சோதிக்கிறார் என்று ஓனர்கள் மனு எழுதினார்கள். அவரை வேறு மாவட்டத்துக்கு மாற்றினார்கள். நல்ல வேலை செய்தவருக்கு அரசாங்கம் காட்டுகிற மரியாதை இது.

காலம் போகப் போக அரசாங்கம் சீட் பெல்ட் போடு என்றது. எங்கள் டிரைவர்கள் போலீஸ் நிற்கிற இடம் வரும்போது மட்டும் அதைத் தோளில் சாத்திக்கொள்வார்கள், பூட்ட மாட்டார்கள். அப்புறம் ஏர்பேக் வந்தது. அது விரிகிற இடத்தில் சாமி பொம்மையை ஒட்டினார்கள். பெல்ட் போடாவிட்டால் கத்துகிற கருவி வந்தது. அதன் வாயை அடைக்க ஒரு கிளிப் வந்தது. சட்டம் டெல்லியிலிருந்து வர வருஷக்கணக்காகிறது. கிளிப் அதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது.

இப்போது ஒர்க்‌ஷாப்பை மகன் பார்த்துக்கொள்கிறான். நான் சும்மா போய் உட்காருவேன். போன வாரம் புது வண்டியில் ஒருவர் வந்தார். கரியாலூருக்கு அருவி பார்க்கப் போகிறாராம், குடும்பத்தோடு.

"பெரியவரே, அந்த பெல்ட்டு கிளிப்பு கிடைக்குமாங்க? சட்டை கசங்குது, சத்தம் வேற ஜாஸ்தியா போட்டுக்கினே வருது."

எங்கள் கடையில் கிளிப் கிடையாது என்றேன். கையைக் காட்டிக் கதை சொல்லலாம் என்றுகூட நினைத்தேன். சொல்லவில்லை. முழுசாகக் கேட்பார், உச்சுக்கொட்டுவார், எதிர்க் கடையில் வாங்குவார்.

தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். இந்தச் சாமானைக் கழற்றிக் கொடு என்று உங்களிடம் யாராவது வருவார்கள். வருத்தப்படாமல் கூலியும் கொடுப்பார்கள். கழற்றுவதற்கு முன், அது செய்கிற வேலையை இனிமேல் யார் செய்வது என்று அவர்களைக் கேளுங்கள். ஹேண்ட்பிரேக்கைக் கழற்றினாலும் வண்டியை நிறுத்துகிற வேலை அங்கேயேதான் இருக்கும். அதை யாரோ ஒருவருடைய உடம்பு செய்தாக வேண்டும். யாருடையது என்று மலைதான் முடிவு செய்யும்.